சிங்குக்கு அடியில்

ஜனவரி வெயில் அமெரிக்காவின் வடக்கே டுலூத் நகரின் பனிமேல் பட்டுத் தெறித்து, டொய்வோவின் சமையலறைக்குள் கண்கூச நுழைகிறது. மரத்தரை தண்ணீரில் ஊறி உப்பிக் கிடக்கிறது. சேதத்தைப் பார்வையிடக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்திருக்கும் மார்லிஸ், சிங்குக்கு அடியிலுள்ள அலமாரிக்குள் தலையை விட்டு டார்ச் அடிக்கிறாள். செப்புக் குழாய் முற்றிய அவரைக்காய்போல நீளவாக்கில் வெடித்திருக்கிறது. "பத்து நாள் மக வீட்டுல இருந்தேன். ஆனா ஹீட்டரை அணைக்கவே இல்லம்மா," என்கிறார் டொய்வோ, மூன்றாவது முறையாக. வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போயிருந்தால் இழப்பீடு கிடையாது. அது இருவருக்கும் தெரியும். "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க," என்கிறாள் அவள், கடுமையில்லாமல். வீடு கதகதப்பாக இருந்ததென்றால், குழாயை வெடிக்கவைக்கும் அளவுக்கு உள்ளே தண்ணீர் எப்படி உறைந்தது? அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அலமாரியின் பின்சுவரில் உள்ளங்கையை வைக்கிறாள். வடக்குப் பார்த்த சுவர், விரல்கள் விறைக்கின்றன. எழும்போது ஜன்னலோரத்து ஊதாப்பூச் செடி கண்ணில் படுகிறது. மண் காய்ந்து, இலைகள் தாகத்தில் தொங்குகின்றன. ஒன்றைக் கிள்ளி நசுக்கிப் பார்க்கிறாள். பச்சை. வீடு உறைந்திருந்தால் ஒரே நாளில் கறுத்துக் கூழாகியிருக்கும். "இதுக்குத் தண்ணி ஊத்த யாரும் வரலையா?" "யாரு வருவா? சாவி எங்கிட்டதானே இருந்துச்சு." ‘வீட்டில் ஹீட்டர் ஓடியிருக்கிறது’ என்று படிவத்தில் எழுதுகிறாள். "இந்த அலமாரிக் கதவைச் சாத்தி வச்சதுதான் வினை. ரூம்ல இருந்த சூடு குழாய்க்கிட்ட போகவே இல்ல. கடுங்குளிர்ல திறந்தே போடுங்க." டொய்வோ நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொள்கிறார். பிறகு எழுந்து குளியலறைக்குப் போகிறார். அங்கேயும் சிங்குக்கு அடியில் ஓர் அலமாரிக் கதவு கிறீச்சென்று திறக்கும் சத்தம் கேட்கிறது.