கேன்டீனில் விட்டுப்போன வாக்கர்

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. கேன்டீன்காரர் ஒரு வாக்கரைத் தூக்கிவந்து நடைப்பயிற்சி அறை மூலையில் வைத்துவிட்டுப் போனார். வாக்கருக்கு அழுகை முட்டியது.

"மூணு மாசமா ஞானசௌந்தரி டீச்சர் என்னைப் பிடிச்சுத்தான் நடந்தாங்க. இன்னிக்கு டீ குடிச்சிட்டு, பயிற்சி டாக்டரோட தமிழைத் திருத்திக்கிட்டே என்னை மறந்துட்டுப் போயிட்டாங்க," என்றது.

பக்கத்திலிருந்த சக்கர நாற்காலி, "வழியில விழுந்தாங்களா?" என்று கேட்டது.

"இல்ல. படிகூட ஏறிட்டாங்க."

"என்னை எக்ஸ்ரே ரூம் வாசல்ல மறந்துட்டுப் போனதும் அவங்கதான்," என்று சக்கர நாற்காலி பெருமையாகச் சொன்னது. "இதுவரைக்கும் என்னைப் பதினோரு பேர் மறந்திருக்காங்க. உன்னை?"

வாக்கர் அழுகையை நிறுத்திவிட்டு நாலு காலையும் நேராக்கிக்கொண்டது.

"எனக்கு இன்னிக்குத்தான் போணி."