சம உயரக் கோடு

"சிரிக்காத நைனா! சம உயரக் கோடுன்னா இன்னா? சொல்லு," என்றாள் யசோதரா.

அப்பா பீம்ராவ் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். ஐம்பத்தெட்டு வயது. முழுக்கைச் சட்டையை இன் செய்து, கக்கத்தில் ஒரு ஃபைலையும் இடுக்கியிருந்தார். அதற்குள் லாரியின் பழைய இன்சூரன்ஸ் காகிதம் தவிர ஒன்றுமில்லை.

தண்ணீர்க் குடத்தோடு போன பக்கத்து வீட்டு ஜானட் எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணே, மாப்ள கணக்கா குந்திகினு கீற?"

"நாளைக்கு காலைல பத்து மணிக்கு இன்டர்வியூ கீது ஜானட். யுனிவர்சிட்டில, புவியியல் அட்மிஷனு!"

"இந்த வயசுலயா? நடத்துண்ணே, நடத்து!" குடம் தளும்பச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

யசோதரா மேசையைத் தட்டினாள். "கேள்விக்கு வா நைனா."

"வெள்ளம் வந்து வடிஞ்சப்போ நம்ம சடையங்குப்பத்துல சொவத்துல கறை நின்னுச்சே, அதான். இங்க இடுப்பு மட்டும் இருந்துச்சு, மேட்டுத் தெருவுல முட்டி மட்டும். ஆனா ஊரு முச்சூடும் கோடு ஒண்ணுதான்."

"புக்ல அப்டியா போட்டுகீது? கடல் மட்டத்துலருந்து ஒரே உயரத்துல கீற எடத்தையெல்லாம் சேக்குற கோடு!" அவள் குரல் எகிறிவிட்டது.

பீம்ராவ் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த இரண்டு கேள்விகளுக்கும் அவரிடமிருந்து சத்தமே இல்லை.

"இன்னா நைனா, வாயத் தொறக்க மாட்டேன்ற?"

"நீ அதட்டுனா தெரிஞ்சதும் மறந்துபூடுதும்மா."

யசோதராவுக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால், அந்தச் சுவர்க் கறையில் ஒரு தப்பும் இல்லை.

"நீ சொன்னது கரெக்டுதான். நாந்தான் அவசரப்பட்டுட்டேன். நாளைக்கும் இப்டி ஆச்சுன்னா ஒரு வருசம் வீணாப்பூடுமே நைனா. எனக்கு பயமா கீது."

"பேஜாராவாத. மொத தபா அப்டித்தான் இருக்கும். இன்னொரு வாட்டி கேளு, சிரிச்ச மூஞ்சியா கேளு."

"சரி. நாட்டுலயே மழை ஜாஸ்தி பேயுற எடம் எது?"

"என் லாரில எங்க தார்ப்பாய் கிழிஞ்சிகீதோ, அங்க!"

இந்த முறை அவள் அதட்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "அப்பறம்?" என்றாள். பீம்ராவ் குஷியாகி, லாரி போன ஊர்களின் மழையையெல்லாம் கொட்டித் தீர்த்தார். கடைசியில் சரியான பதிலும் வந்துவிட்டது.

மறுநாள் காலை, பல்கலைக்கழக வாசலில் பீம்ராவ் பைக்கை நிறுத்தினார். வராண்டாவில் பிள்ளைகள் ஃபைலும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். "தைரியமா போய்ட்டு வாம்மா," என்று மகளை அனுப்பிவைத்தார். அவருக்கே கண் கலங்கியது.

சரியாகப் பத்து மணிக்கு முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே நுழைந்த பெண், எங்கே உட்காருவதென்று தெரியாமல் விழித்தாள்.

"பயப்படாத கண்ணு, மொதல்ல குந்து," என்றது மேசைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். பத்து வருடங்களுக்கு முன் இதே அறையில் கேள்வி கேட்டவரின் ஓர் அதட்டலுக்கு வாயடைத்துப்போய், ஒரு வருடத்தையே தொலைத்த யசோதரா, உதவிப் பேராசிரியராகி இன்றுதான் முதன்முதலாகக் கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தாள்.