இருப்பிடம் என்ற கட்டம்

செவ்வாயா புதனா, சொல்கிறவனுக்கே சரியாக நினைவில்லை. மத்தியானம் என்பது மட்டும் நிச்சயம்.

அருகிவரும் உயிரினங்களின் பதிவேட்டைத் தட்டச்சு செய்பவள், கவுண்டரில் கிடந்த நகலைச் சும்மா புரட்டினாள். ஏழாம் பக்கத்தில் அவள் கை நின்றது.

பதிவேட்டுக்கு இரண்டு நகல்கள். அலுவலக நகலில் விலங்கின் இருப்பிடம் வரைபட எண்களாக இருக்கும். வெளியாருக்கான நகலில் அந்தக் கட்டத்தை மறைத்துவிட வேண்டும். திருடனுக்கும் படிக்கத் தெரியும் அல்லவா.

ஏழாம் பக்கம், மண்ணுக்குள் வளை பறித்து வாழும் கல் ஆமை. மிச்சமிருந்தவை இரண்டு. அவள் மறைக்க மறந்திருந்தாள்.

"இத யாராவது வாங்கினாங்களா?"

"காலையில மூணு பேர், மேடம்," என்றார் கவுண்டர்காரர். "ஆமைப் பக்கம் மட்டும் போதும்னாங்க. பாவம், நல்ல படிப்பாளிங்க போல."

அந்த ஆமைகளுக்குக் காவல் அவள் தம்பி. அவள் சொல்லித்தான் வேலையில் சேர்ந்தான். மலைச்சரிவில் ஒற்றை ஆள், கையில் ஒரு கம்பு. வருடாவருடம் இருப்பிடத்தை எழுதி அனுப்புவதும் அவன்தான்.

மூன்றாவது முறைதான் போனை எடுத்தான்.

அவள் சொல்லி முடித்ததும் சிரித்தான்.

"அக்கா, உங்க ஆபீஸ நம்பி நான் என்னைக்கு நெசமான இடத்த குடுத்தேன்? அது எனக்கு மட்டும்தான் தெரியும். அங்க எழுதினது பூரா பொய்."

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கேட்க வேண்டியது அதற்கப்புறம்தான் தோன்றியது.

"அப்போ எந்த இடத்தடா எழுதின?"



"எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பர் ஒண்ணுதானேக்கா. என் கொட்டகையோடது."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் குறுக்கிட்டான்.

"இரு, வாசல்ல ஜீப் சத்தம். யாருன்னு பாத்துட்டுக் கூப்பிடறேன்."

தம்பியை மறுநாள் சாயங்காலம் பிணமாகக் கீழே கொண்டுவந்தார்கள். உடம்பில் காயம் இல்லாத இடமில்லை. இருந்தும், கொட்டகைக்கு வெளியே ஓரடி மண்கூடத் தோண்டப்படவில்லை.

மூவரும் அகப்படவில்லை. கவுண்டர்காரர் ஓய்வு பெற்றார். அவள் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டாள்.

ஆமைகளைத் தேடி நான்கு குழுக்கள் மலையேறி, வெறுங்கையோடு இறங்கின. பத்தாம் வருடம் பதிவேட்டில் அந்த இனத்துக்கு நேராக 'அற்றுப்போனது' என்று எழுதினார்கள்.

கல் ஆமை நூற்றைம்பது வருடம் உயிரோடு இருக்கும்.