மீசைக்கு ஒரு விருந்து

கயிறு ஒரு சாண் முன்னே நழுவியது.

ஆண்டியப்பனால் நம்ப முடியவில்லை. அவன் பின்னால் தேயிலைத் தோட்டத்து மேற்கணக்குப் பிரிவின் வாட்டசாட்டமான ஆட்கள். எதிரே கீழ்க்கணக்குப் பிரிவு. அத்தனையும் நோஞ்சான்கள். அவர்களுக்குத் தலைவன் அழகன், ஆண்டியப்பனின் மனைவி மீனம்மாவுக்கு அண்ணன்.

தீபாவளிக்கு மறுநாள் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் முழுக்கச் சனம். நாற்காலியில் வெள்ளைக்காரத் துரை.

தோற்கிற தலைவன் அதே இடத்தில் மீசையை எடுக்க வேண்டும். பந்தயம் கட்டியதே ஆண்டியப்பன்தான்.

சாதாரண மீசையா அது? திம்புள்ள மலைப் பக்கத்தில் ஆட்களை அதட்டி வேலை வாங்கும் கங்காணிகளே அதைப் பார்த்து ஒதுங்குவார்கள். அவன் தூக்க வந்தாலே கைக்குழந்தை வீறிட்டுத் தாயிடம் தாவிவிடும்.

"பெத்த புள்ளையே நடுங்குதுன்னா பாத்துக்க!" என்று அதையும் பெருமையாகச் சொல்லித் திரிந்தான்.

"மச்சான், மீசைக்கு எண்ணெ போட்டாச்சா?" எதிர்ப்பக்கத்திலிருந்து அழகன் கத்தினான்.

பல்லைக் கடித்து இழுத்தான் ஆண்டியப்பன்.

கொட்டாவி வந்தது.

பின்னால் இன்னொருவனுக்கும் வந்தது.

ரத்தமெல்லாம் தோளுக்கு லீவு சொல்லிவிட்டு வயிற்றில் வேலைக்கு இறங்கியிருந்தது.

எல்லாம் மத்தியான விருந்தின் வேலை. மீனம்மா அத்தனை பேரையும் உட்காரவைத்து ஆட்டுக்கறியும் சோறுமாக அள்ளி அள்ளிப் போட்டாள். "நல்லா சாப்புடுங்கண்ணே, இழுக்கத் தெம்பு வேணாமா?"

கறி தின்றால் பலம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. தின்றது பலமாக மாற அந்தியாகும் என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

கீழ்க்கணக்குக்காரர்களோ கன்னத்தில் எதையோ ஒதுக்கியிருந்தார்கள். மலையேறும்போது கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒதுக்கிக்கொள்வார்களே, அதே மாதிரி.

கித்துள் பனைக் கருப்பட்டி! கரையக் கரையக் கைக்குத் தெம்பு.

கயிறு சுண்டியது. ஆண்டியப்பன் குப்புற விழுந்தான்.

சேற்றிலிருந்து தலையைத் தூக்கியபோது அழகனின் இடுப்பில் கருப்பட்டி முடிச்சு தெரிந்தது. நீலத் துணி, மஞ்சள் பூ. மீனம்மாவின் பழைய சேலைக் கிழிசல்.

முடிவெட்டும் சின்னத்தம்பி கத்தியோடு தயாராக இருந்தான். இரண்டே இழுப்பு.

வெறும் உதட்டோடு நேராக மீனம்மாவிடம் போய் நின்றான் ஆண்டியப்பன்.

"அண்ணன் பக்கம் சேந்துட்டியாடி?"

"யாரு பக்கமும் சேரலீங்க" என்ற மீனம்மா, இடுப்பிலிருந்த பிள்ளையை அவனிடம் நீட்டினாள்.

பிள்ளை உற்றுப் பார்த்தது. கையை நீட்டி அவன் மேலுதட்டைத் தடவியது.

பிறகு அவன் தோளில் சாய்ந்து, விரல் சூப்பியபடி கண்ணை மூடியது.

ஆண்டியப்பன் அசையவில்லை. வந்த கொட்டாவியை அப்படியே விழுங்கிக்கொண்டான்.