இன்னும் உருண்டையாக

ஜெபசெல்வி வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்தவர், குழந்தைகள் காப்பகத்துக்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்றார். அவள் கணினியில் பலூன்போல் உப்பிய எழுத்துகளை எடுத்துக் காட்டினாள்.

"இன்னும் உருண்டையா வேணும்மா," என்றார்.

இன்னும் உப்ப வைத்தாள். துணைக்கால்கூடக் குட்டித் தலையணை போலாயிற்று.

"பார்த்தா பயமே வரக்கூடாது," என்றார் அவர்.

"பிள்ளைகளுக்கு எதுக்கு சார் பயம்? அதுகளுக்கு வாசிக்கவே தெரியாதே."

"நான் அம்மாக்களைச் சொன்னேன்."

மவுஸின்மேல் அவள் கை அப்படியே நின்றது. "அட்ரஸ், போன் நம்பர் போடணும்லா?"

"வேண்டாம். பேரு மட்டும் போதும்."

"அப்போ நாங்களே வந்து மாட்டித் தாரோம். இடம் எங்க சார்?"

"நானே மாட்டிக்கிடுவேன்."

"நானும் கூட வாரேன். என் தங்கச்சி பிள்ளையச் சேர்க்கணும்."

அவர் சிரித்தார். சிரித்தபடியே எழுந்து, "அவசரமில்ல, பெறவு வாரேன்," என்று வெளியேறினார்.

கண்ணாடிக் கதவு வழியே அவள் பார்த்தாள். தெருவைக் கடந்து எதிரிலிருந்த இன்னொரு ஃப்ளெக்ஸ் கடைக்குள் போனவர், அங்கிருந்த பெண்ணிடம் இரு கைகளாலும் காற்றில் உருண்டை பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஜெபசெல்வி செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள்.