பித்தளை முள்

"அதிலை கை வையாதேங்கோ மாமி! பழைய சாமான், கண்ணாடி கழண்டு விழுந்திடும்."

ஜெயசுதன் போட்ட சத்தத்தில், களவெடுக்க வந்தவளைப் போலக் குணலட்சுமி கையை இழுத்துக்கொண்டாள். சுவரில் தொங்கிய, காற்றழுத்தம் காட்டும் பாரமானியின் குமிழை நோக்கி விரல்கள் தம்பாட்டில் போயிருந்தன. முப்பது வருடப் பழக்கம் இலேசில் விடுமா?

கனடாவிலிருந்து வந்த ஜெயசுதன் தொண்டைமானாற்றில் விருந்தினர் விடுதி கட்டி, அன்றுதான் பால் காய்ச்சியிருந்தான். கூரையில் கப்பல் சுக்கான் சில்லைக் கட்டி, அதைச் சுற்றிப் பல்புகள் தொங்கவிட்டிருந்தான். பழைய தூரக்கண்ணாடி ஒன்று மேசை விளக்குக்குக் காலாகிவிட்டது.

நடுச்சுவரில் இருந்த வட்டப் பாரமானி, போன மாதம் வரை குணலட்சுமி வீட்டில் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அது 'மீற்றர்'. கடலுக்குப் போவதை விட்டு ஐந்து வருடமாகிறது, இனி எதற்கு என்று, ஜெயசுதன் கேட்டவுடன் அவள் கணவர் மார்க்கண்டு கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"வெளியிலை மழை அள்ளி ஊத்துது, உது நல்ல வெயில் எண்டு காட்டுது!" என்றான் ஜெயசுதன். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"உது எப்ப தம்பி சரியாச் சொன்னது?" என்றார் கதிரவேலு. மார்க்கண்டுவோடு ஒரே கரையில் தொழில் செய்தவர். "நாங்கள் வள்ளம் நிறையப் பாரை மீனோடை வந்து இறங்குவம். இவர், மீற்றர் இறங்கிப்போச்சு, காத்து வரப்போகுது எண்டு கரையிலை இருந்து வலை தைப்பார். 'மீற்றர் மார்க்கண்டு பாவிச்ச மீற்றர்' எண்டு கீழை ஒரு மட்டை எழுதி ஒட்டு. வாற வெள்ளைக்காரரும் சிரிக்கட்டும்."

"நல்ல யோசினை அண்ணை!" ஜெயசுதன் அப்போதே மட்டை தேடப் போய்விட்டான்.

மார்க்கண்டுவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் குணலட்சுமியைக் கொன்றது. மீனவர் சங்கத் தலைவர் பதவி மூன்று தரம் அவர் கைக்கு வந்து நழுவியது இந்தப் பட்டப்பெயரால்தான். பயந்தாங்கொள்ளிக்குத் தலைமையோ என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அதற்கெல்லாம் காரணம் யார் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இனி அதை மட்டையில் வேறு எழுதி ஒட்டப் போகிறார்கள்!

அவளுக்குப் பொறுக்கவில்லை. அவரை விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றார் மார்க்கண்டு.

"உங்களுக்கு அந்தப் பேர் வந்தது என்னாலை."

"விசர்க்கதை கதையாதை."

"கேளுங்கோ. படுக்கப் போகேக்கை நீங்கள் குமிழைத் திருகிப் பித்தளை முள்ளைக் கறுப்பு முள்ளுக்கு நேரை வைப்பியள். விடியக் கறுப்பு முள் அதுக்குக் கீழை நிண்டால், காத்து வரப்போகுது எண்டு தொழிலுக்குப் போகமாட்டியள்."

"ஓம், அதுக்கென்ன?"

"கறுப்பு முள் இறங்கேல்லை. தேத்தண்ணி போட எழும்பேக்கை நான்தான் பித்தளை முள்ளை மேலை தள்ளி வச்சனான்."

சொல்லிவிட்டு அவள் நிலத்தைப் பார்த்தாள். கலியாணம் முடித்த அடுத்த வருடம், அலையே இல்லாத கடலுக்குப் போன அவளுடைய அண்ணன் தம்பிராசா திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு சில விடியல்களில் காரணமில்லாமல் நெஞ்சு அடிக்கும். போகவேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. கடலுக்கு வெளிக்கிடுகிறவனை மறிப்பது அவர்கள் கரையில் கெட்ட சகுனம்.

அந்த நாட்களில்தான் கை குமிழுக்குப் போகும். எண்கள் அவளுக்கு விளங்காது, இரண்டு முள்ளுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விழுந்தால் போதும். மார்க்கண்டு எழும்பி வந்து பார்ப்பார், "இண்டைக்குச் சரிவராது" என்று மறுபடி படுத்துவிடுவார். அவளுக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். பின்னேரம் சந்தியில் அவரை நக்கலடித்தார்கள் என்று கேள்விப்பட்டதும் வெட்கத்தில் சோறு இறங்காது. இனிமேல் செய்யமாட்டேன் என்று செல்வச்சந்நிதி முருகனிடம் சத்தியம் பண்ணுவாள். அடுத்த மாதம் முருகனையும் ஏமாற்றுவாள்.

"இவ்வளவு காலமும் உங்களை ஏமாத்திப்போட்டன். கதிரவேலு அண்ணைக்கு முன்னாலை நானே சொல்லுறன், பயந்தது நான்தான் எண்டு. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அவளுக்கு விம்மல் வெடித்தது.

மார்க்கண்டு தோள் துவாயை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"உள்ளை போய் ஒண்டும் சொல்ல வேண்டாம். கறுப்பு முள் இப்ப எங்கை நிக்குது, பாத்தனியே?"

"நல்ல வெயிலிலை. அந்தப் பெடியன் சொன்னானே."

"திருகோணமலையிலை நான் அதை வாங்கேக்கையும் அங்கைதான் நிண்டது. அண்டு தொடக்கம் ஒரு நூல்கூட அசையேல்லை. உள்ளுக்கு எல்லாம் துருப்பிடிச்சுப்போச்சு."

குணலட்சுமியின் அழுகை பாதியில் நின்றது. துவாய் கையிலேயே இருந்தது.

"அப்ப... பழுதெண்டு தெரிஞ்சுகொண்டோ ஒவ்வொரு நாளும் பித்தளை முள்ளை நேராக்கி வச்சனீங்கள்?"

"இல்லாட்டி நீ பயந்த நாள் எனக்கு எப்பிடியப்பா தெரியும்?"