கிணறு, குடை, ஸ்டவ், பூட்டு, முருங்கை

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், புற்றுநோய் மருந்து ஞாபகத்தை எவ்வளவு அரிக்கிறது என்று காலமெல்லாம் அளந்த நரம்பு உளவியல் மேதை டாக்டர் ஞானசிகாமணி, இன்று தன் உடம்பிலும் அதே மருந்து ஏறிய நிலையில், தானே தயாரித்த ஞாபகத் தேர்வை எழுத உட்கார்ந்தார்.

"அந்த அஞ்சு வார்த்தையையும் திருப்பிச் சொல்லுங்க சார்" என்றாள் தேர்வை நடத்திய அவருடைய பழைய மாணவி.

"கிணறு, குடை, ஸ்டவ், பூட்டு, முருங்கை." மேதை திணறவே இல்லை. கல்யாணமான புதிதில், வாடகை வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் தேர்வில் சேர்த்திருந்தார்.

மனைவி திலகவதி சிரித்தாள். "கூரை ஒழுகி, அந்தக் குடையைப் பிடிச்சுக்கிட்டேதானே ஸ்டவ்வைப் பத்த வச்சோம். அது எந்த வீடு, சொல்லுங்க பார்ப்போம்."

அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு மாணவியிடம் முறையிட்டார்: "இந்தக் கேள்வி தேர்வுல கிடையாதே."

கிடையாதுதான். மாணவி முழு மதிப்பெண் போட்டாள்.